ஜெராக்ஸ் கடைக்குப் போன ஆதார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்தில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை நடத்துகிறவள் நான். ஆதார், பான், பாஸ்புக், பத்திரம் என்று ஊர்க்காரர்களின் காகிதங்கள் தினமும் என் மேஜையைத் தாண்டித்தான் போகின்றன. போன், ஆதார், பணம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள்: கேள்வியோடு ஆதார் நகலை இணைத்து அனுப்பாதீர்கள். அப்படி வந்தவற்றைக் கிழித்துவிடச் சொல்லிவிட்டேன். கேட்டவர்களின் பெயரையும் போடவில்லை, ஊர் போதும்.

கேள்வி: பிரிண்ட் எடுக்கப் போனால், ‘இந்த வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்புங்க’ என்கிறார்கள். ஆதாரை அப்படி அனுப்பலாமா?
– இல்லத்தரசி, மன்னார்குடி

என் கடையிலும் அப்படி ஒரு எண் இருக்கிறது. அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். நீங்கள் அனுப்பும் கோப்பு, கடைக் கம்ப்யூட்டரின் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் இறங்குகிறது. வீட்டுக்கு வந்து நீங்கள் வாட்ஸ்அப்பில் அழித்தாலும் அந்தப் பிரதி அங்கேயேதான் கிடக்கும். காலேஜ் அட்மிஷன் சமயத்தில் அந்த ஃபோல்டரைப் பார்த்தால் உங்களுக்கே பயம் வந்துவிடும். நாங்கள் ராத்திரி ஷட்டரை இறக்குவதற்கு முன் அதையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறோம். எல்லாக் கடையிலும் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், கூட்டத்தில் மறந்துபோகும். நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டரில் யார் உட்காருவார்கள் என்று அவருக்கே தெரியாது.

ஆகவே பிரிண்ட் கைக்கு வந்ததும், ‘அண்ணே, என் ஃபைலை டெலிட் பண்ணிடுங்க’ என்று கேட்டு, அவர் அழிப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூச்சப்படவே வேண்டாம். கோணலாக விழுந்த, மங்கலாக விழுந்த நகலையும் கேட்டு வாங்குங்கள். விட்டுவிட்டு வந்தால் அது பழைய பேப்பரோடு எடைக்குப் போகும். பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் யாரோ ஒருவரின் முகமும் ஆதார் எண்ணும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் நல்ல வழி, முழு எண்ணையே கொடுக்காமல் இருப்பது. ஆதார் இணையதளத்தில் டவுன்லோட் செய்யும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் அட்டை கிடைக்கும். லாட்ஜில் அறை எடுக்க, வாடகை வீட்டுக்காரரிடம் கொடுக்க இதுவே போதும். அந்தக் கோப்பின் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான். உங்களைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம் என்பதால், பாஸ்வேர்டு இருக்கிறதே என்று கோப்பைக் கண்ட இடத்தில் விட்டுவைக்காதீர்கள். முழு நகல்தான் வேண்டும் என்று கேட்டால், அதன் குறுக்கே ‘இன்ன வேலைக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் அது வாபஸ் ஆனது. என்னைக் கேட்டால், அந்த முதல் அறிவிப்பில் சொன்னதுதான் சரி.

ஏற்கெனவே பல இடங்களில் கொடுத்துவிட்டோமே என்று கவலைப்படுகிறவர்கள், மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்துக்குப் போங்கள். உங்கள் செல் எண்ணையும் அதற்கு வரும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால், அது என்னுடையது இல்லை என்று அங்கேயே புகார் கொடுக்கலாம். நம் ஊரில் ஒருவர் பெயரில் 9 சிம் வரை வாங்க முடியும். எட்டாவதும் ஒன்பதாவதும் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் செல் நம்பர் சொல்லாவிட்டால் பில் போட முடியாது என்கிறார்கள். சொல்லித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

வேண்டியதில்லை. எண் கொடுக்கும்படி வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. ‘நம்பர் இல்லாம போடுங்க’ என்று சொல்லிப் பொறுமையாக நில்லுங்கள், பில் வரும். வங்கி, கேஸ், ஆதார் எல்லாம் கோத்திருக்கும் எண்ணை, வரிசையில் பின்னால் நிற்பவர் காதிலும் விழும்படி சொல்கிறோம். எனக்கு இது பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிற விஷயம்.

கேள்வி: என் அண்ணன் ஒரு நாள் என் போனைச் சிறிது நேரம் வாங்கி வைத்திருந்தான். அன்றிலிருந்து நான் யாருக்கு என்ன மெசேஜ் அனுப்பினாலும் அவனுக்குத் தெரிகிறது. போன் என்னிடம்தான் இருக்கிறது. எப்படி?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

தங்கச்சி, வாட்ஸ்அப்பைத் திறந்து ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற இடத்தைப் பார். உன் போனால் ஒரு லேப்டாப்பின் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்ய சில விநாடி போதும். அப்புறம் உன் போன் அணைந்திருந்தாலும் அங்கே எல்லாம் தெரியும். உனக்குத் தெரியாத கருவி இருந்தால் அதைத் தொட்டு ‘லாக் அவுட்’ கொடு.

வாட்ஸ்அப்போடு நிறுத்தாதே. கூகுள் கணக்கில் ‘யுவர் டிவைசஸ்’ பகுதியைப் பார்த்து, தெரியாத கருவிகளை வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்று. கூகுள் மேப்ஸில் ‘லொகேஷன் ஷேரிங்’ யாருக்காவது திறந்திருக்கிறதா என்று பார். போனின் கைரேகைப் பட்டியலில் உன்னுடையது அல்லாத விரல் சேர்ந்திருக்கலாம்; எல்லாவற்றையும் அழித்துவிட்டு உன் விரலை மட்டும் புதிதாகப் பதிந்துகொள். *#21# என்று டயல் செய்தால், உன் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்படுகின்றனவா என்று தெரியும்.

இதில் எதையும் செய்வதற்கு முன் ஒன்றை யோசித்துக்கொள். நீ லாக் அவுட் செய்தது அவனுக்குத் தெரியவரும். தெரிந்தால் அடிப்பான், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், முதலில் நம்பிக்கையான ஒருவரிடம், அத்தையோ ஆசிரியையோ, விஷயத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் செய். 181 பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். அதையும் வேறு ஒருவர் போனிலிருந்து பேசு.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். அரசாங்கத்திடமே கேட்கக்கூடிய உரிமையை, அக்கறை என்ற பெயரில் ஒரு வீட்டுக்குள் பறிப்பது எனக்கு ஏற்புடையதே அல்ல. உன் கடிதத்தில் ‘நான் தப்பு எதுவும் செய்யவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். அதை நீ யாருக்கும் நிரூபிக்க வேண்டாம். உன் போன் உன்னுடையது.

கேள்வி: ஓ.டி.பி. எதுவும் வரவில்லை, நான் யாரிடமும் பேசவில்லை. ஆனால் கைரேகை வைத்துப் பணம் எடுத்ததாகக் கணக்கில் காட்டுகிறது. இது நடக்குமா?
– நூறு நாள் வேலைக்குப் போகிறவர், விருத்தாசலம் அருகே

நடக்கும். கிராமங்களில் கைமெஷின் வைத்துப் பணம் தருகிறார்களே, அதற்கு வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை மூன்றும் இருந்தால் போதும், ஓ.டி.பி. கிடையாது. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை எடுத்து, சிலிக்கானில் போலி விரல் செய்து பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். வங்கியில் எழுத்து மூலமாகவும் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆதார் தளத்தில் ‘பயோமெட்ரிக் லாக்’ போடுங்கள். செல் எண் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பூட்டிவிட்டால் உங்கள் விரலை வைத்தாலும் வேலை செய்யாது. அதனால் ரேஷன் கடையில் ரேகை வைக்கும் நாளிலும், பென்ஷன்காரர்கள் வாழ்நாள் சான்று கொடுக்கும் நாளிலும் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். அந்தச் சிரமம் உண்டுதான். கூலிப் பணம் அந்தக் கணக்கில்தான் வருகிறது என்றால், சிரமத்தைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: உறவினர் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்தது. தொட்டேன், ஒன்றும் திறக்கவில்லை. அப்புறம் வரிசையாக ஓ.டி.பி. வந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருதுநகர்

ஐயா, அந்த ஃபைல் பெயரின் கடைசியில் ‘ஏ.பி.கே.’ என்று இருந்திருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும். ஏ.பி.கே. என்பது செயலி. அதை இன்ஸ்டால் செய்து எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவர்களுக்கும் போகும். அனுப்பியவர் உங்கள் உறவினரே அல்ல. அவருடைய வாட்ஸ்அப்பும் இதே வழியில் பறிபோயிருக்கும்.

முதல் வேலை, போனை ‘ஏரோபிளேன் மோடில்’ போடுவது. பிறகு வீட்டில் இன்னொருவர் போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் பேசி, கணக்கிலிருந்து பணம் போவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொல்கிறது. அதனால் புகார் கொடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். வெட்கப்பட்டு, மகன் வரட்டும் என்று சாயங்காலம் வரை காத்திருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். உங்கள் அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தச் செயலி தன் ஐகானை மறைத்துக்கொள்ளும். ‘செட்டிங்ஸ்’ போய் ‘ஆப்ஸ்’ பட்டியலில் தேடி நீக்குங்கள். படங்களைக் காப்பி எடுத்துக்கொண்டு ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்துவிடுவது இன்னும் நிம்மதி. வாட்ஸ்அப்பில் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ 6 இலக்க எண்ணையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தால், சர்வீஸ் கடையில் பேட்டர்ன் லாக்கை ஸ்டிக்கரில் வரைந்து ஒட்டச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

டிஸ்ப்ளேயோ பேட்டரியோ மாற்ற லாக் தேவையே இல்லை. மாற்றிய பிறகு டச் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள். அதை நீங்களே போய்த் திறந்து காட்டலாம். சாம்சங் போனாக இருந்து திரை ஓரளவு வேலை செய்தால் ‘மெயின்டனன்ஸ் மோடு’ போட்டுக் கொடுங்கள். போன் ஓடும், உங்கள் படமும் மெசேஜும் தெரியாது. மற்ற போன் என்றால் கடையில் உட்கார்ந்தே வேலையை முடித்து வாங்குங்கள். விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்றால் சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிக்கொண்டு வாருங்கள்.