மிலிட்டரியிலிருந்து வந்தால் வாட்ச்மேன் வேலைதானா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். 24 வருட சர்வீஸ் முடிந்து வருகிற மார்ச்சில் ரிட்டயர் ஆகிறார். வயது 43, படிப்பு பன்னிரண்டாவது. "இனி ஏ.டி.எம். வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதுதான்" என்று சொந்தக்காரர்களே கேலி பேசுகிறார்கள். எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டாவில் பேங்க் வேலை நிச்சயம் என்று ஒரு கோச்சிங் சென்டர் 60,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா? மகள் பிளஸ் டூ, மகன் ஏழாவது. அவரோ, "ஊருக்கு வந்து பார்த்துக்கலாம், விடு" என்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கணியம்பாடி, வேலூர் மாவட்டம்

பதில்: சகோதரி, அந்த 60,000 ரூபாயை பீரோவிலேயே வையுங்கள். கோட்டா நிஜம், "நிச்சயம்" என்பது பொய். தேர்வில் மார்க் வாங்காமல் எந்தக் கோட்டாவும் யாரையும் உள்ளே கூட்டிப்போகாது. ஆனால் எனக்குக் கவலை தருவது கோச்சிங் சென்டர் அல்ல, உங்கள் கணவரின் "ஊருக்கு வந்து பார்த்துக்கலாம்". உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். அங்கே போய் ரிட்டயர் ஆனவர்களைக் கேட்டுப் பாருங்கள். யூனிட்டில் இருக்கும்போதே முடித்திருக்க வேண்டிய வேலைக்காக ஊரிலிருந்து தபால் எழுதி அலைந்த கதை ஒன்றாவது கிடைக்கும்.

முதலில் பயிற்சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் டி.ஜி.ஆர். என்ற மறுவாழ்வு இயக்குநரகம் இருக்கிறது. சர்வீஸின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அது நடத்தும் ரீசெட்டில்மென்ட் கோர்ஸ்களில் அதிகாரிகள் 40 சதவீதக் கட்டணம் கட்ட வேண்டும், ஜே.சி.ஓ.க்களுக்கும் (சுபேதார் போன்ற இடைநிலைப் பதவிக்காரர்கள்) ஹவில்தார் வரையிலான ஜவான்களுக்கும் முழுக் கட்டணமும் அரசுடையது. உங்கள் கணவர் இரண்டாவது ரகம், ஒரு பைசா செலவில்லை. சர்வீஸில் இருக்கும்போதே என்பதால் சம்பளமும் நிற்காது. யூனிட் மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், உடனே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் எது நடக்கிறது என்று பார்த்து, அதை நீண்ட லீவு போலக் கழிப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. தீ மற்றும் தொழிற்சாலைப் பாதுகாப்பு, ஸ்டோர் நிர்வாகம் மாதிரி ஒன்றை எடுத்தால் கேட்டில் நிற்பதற்குப் பதில் உள்ளே உட்காரலாம். பேங்க்தான் குறி என்றால் கம்ப்யூட்டர் கோர்ஸ்.

பேங்க் விஷயத்துக்கு வருவோம். பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் நிலையில் 14.5 சதவீதம், கடைநிலைப் பணிகளில் 24.5 சதவீதம் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு (உடல் ஊனமுற்ற படைவீரர்கள், போரில் இறந்தவர்களின் குடும்பத்தினர் பங்கும் இதற்குள்தான்). மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் 10 சதவீதம். வயது ஒரு தடையே இல்லை. சர்வீஸ் வருடங்களைக் கழித்தால் அவருக்கு வயது 19! வங்கியில் 50 என்ற உச்சவரம்பு மட்டும் உண்டு. டிகிரி இல்லையே என்கிறீர்களா? பத்தாவது தேறி, ராணுவக் கல்விச் சான்றிதழோடு 15 வருட சர்வீஸ் முடித்தவர், டிகிரி கேட்கும் கிளார்க் வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழ் கைக்கு வராமல் யூனிட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. ரிட்டயர் ஆகும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்க அனுமதி உண்டு.

இவ்வளவு இருந்தும் ஆள் கிடைக்காமல் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. காரணம் வங்கி கிளார்க் வேலைக்கான முதல்நிலைத் தேர்வு. 60 நிமிடம், 100 கேள்விகள்; ஆங்கிலம், கணக்கு, ரீசனிங் மூன்றுக்கும் தலா 20 நிமிடம். கால் நூற்றாண்டாகப் பின்னக் கணக்கைத் தொடாதவருக்குக் கை ஓடாது. கணக்கையும் ரீசனிங்கையும் தமிழிலேயே எழுதலாம் என்பது ஆறுதல். பழைய கேள்வித்தாள்களை உங்கள் மகளை விட்டு வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். இரவு ரோல் காலுக்குப் பிறகு தினம் ஒரு மணி நேரம், கடிகாரத்தை வைத்துப் போடட்டும். 60,000 ரூபாய் கோச்சிங்கிலும் இதைத்தான் செய்வார்கள்.

இன்னொன்று. அரசு வேலை ஒன்றில் சேர்ந்துவிட்டால் எக்ஸ் சர்வீஸ்மேன் சலுகை பொதுவாக அதோடு முடிந்தது. ஆனால் சேருவதற்கு முன்பே வேறு வேலைகளுக்கும் விண்ணப்பித்திருந்தால், எந்தத் தேதியில் எதற்கு விண்ணப்பித்தார் என்று சேர்ந்த உடனே அந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், அவற்றுக்கும் சலுகை நிற்கும். பியூன் வேலை முதலில் வந்து, கிளார்க் ரிசல்ட் பிறகு வருகிறவர்களுக்கு இந்த ஒரு தாள் தங்கம்.

இப்போது வீட்டில் உங்கள் வேலை. மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் கணவரின் ராணுவ ஆவணத்தில் அவள் பெயர் பதிவான பார்ட் டூ ஆர்டரையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் வழக்கம் வடக்கே இருக்கும் கிளார்க்குகளுக்குப் புரிவதில்லை. அப்பா பெயர் மகளின் குடும்பப் பெயராகியிருக்கும், இங்கே 'காவ்யா' அங்கே 'கவியா' ஆகியிருக்கும். உங்கள் பெயரையும், பிறந்த தேதிகளையும் இப்படியே பாருங்கள். யூனிட்டில் இருக்கும்போது நேரில் நின்று திருத்தலாம். வந்த பிறகு ராணுவ ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதற்குள் காலேஜ் அட்மிஷன் முடிந்துவிடும்.

மகள் பிளஸ் டூவில் 60 சதவீதம் எடுத்து பி.இ., நர்சிங் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் பிரதமர் கல்வி உதவித்தொகைக்குத் தகுதி. பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய். முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், சாதாரண பி.ஏ., பி.எஸ்சி., பி.காமுக்குக் கிடையாது. இது முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கானது. அப்பா மார்ச்சில் வந்துவிடுவதால் உங்களுக்குக் காலம் சரியாகப் பொருந்துகிறது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்விலும் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வாங்க வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கும் பென்ஷன் ஆணையும் வந்த வாரமே அங்கே போய்ப் பதிவு செய்து அடையாள அட்டைக்கும் மனு கொடுத்துவிடுங்கள்.

சொந்தத் தொழில் ஆசை இருந்தால் தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் உண்டு. மானியம் வருகிறதே என்று மட்டும் கடன் வாங்க வேண்டாம். அனுபவமில்லாத தொழிலில் பென்ஷன் பணத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட வீடுகள் உங்கள் பக்கத்திலேயே இருக்கும்.

மகனுக்கும் வழியுண்டு. ஹவில்தார் வரையிலானவர்களின் இரண்டு பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை கேந்திரிய சைனிக் போர்டு என்ற மத்திய அரசின் படைவீரர் நல வாரியம் கல்வி உதவி தருகிறது. வகுப்பு தேறியதும் மார்க் ஷீட்டை வைத்து விண்ணப்பிக்க வேண்டும்; ஏழாவது மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.