செனுவாவின் இடுப்பில் தலை, என் கையில் பிரிக் கேம்

கேள்வி: ஹெட்செட் மாட்டி ஆடும் வி.ஆர். (மெய்நிகர்) விளையாட்டுகளில் குற்றவுணர்வோடும் பழைய காயத்தோடும் அலையும் நாயகர்களின் கதை உண்மையிலேயே நம்மைத் தொடுகிறதா? அல்லது சண்டைக்கு நடுவே ஒட்டவைத்த சோகமா?

பெரும்பாலும் ஒட்டவைத்த சோகம்தான். நூறு பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டு, இடைவெளி கிடைக்கும்போது செத்துப்போன மனைவியின் படத்தைப் பார்த்துக் கண்கலங்கும் வீரன்மீது எனக்கு இரக்கம் வருவதில்லை. ஒரே ஒரு விளையாட்டு மட்டும் என்னை ஆட்டிப்பார்த்தது. அதைச் சொல்வதென்றால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று ஞாயிறு, போயா என்ற பௌர்ணமி விடுமுறை தினமும்கூட. எனக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்து வளவில் இருந்த பெரியம்மாவின் மகனுக்கு ஒன்பது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரேயொரு பிரிக் கேம் இருந்தது. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்க வேண்டும், அவ்வளவுதான். முறை தம்பியுடையது. "இந்த ஆட்டம் முடியட்டும்" என்றேன். முடிந்தது. இன்னொன்றைத் தொடங்கினேன். அவன் படிக்கட்டில் சற்று நேரம் நின்று பார்த்தான், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு டச் பே கரைப்பக்கம் போய்விட்டான். ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தது. கோட்டைப் பக்க மேட்டுக்கு ஓடியபோதும் பிரிக் கேம் என் கையில் இருந்தது. தம்பி மறுநாள் பின்னேரம்தான் கிடைத்தான். இலங்கையில் அந்த ஒரு நாளில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். என் கணக்கில் ஒருவன்தான், அவனை அனுப்பியவன் நான்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். ஹெல்பிளேட். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிஞ்சா தியரி நிறுவனம் 2017இல் வெளியிட்டது, அதன் வி.ஆர். வடிவம் 2018இல் வந்தது. அதன் நாயகி செனுவா, பண்டைய ஸ்காட்லாந்தின் பிக்ட் இனத்துப் போர்வீராங்கனை. கடல்வழி வந்த வடநாட்டார் (வைக்கிங்குகள்) அவளுடைய காதலன் டில்லியனைப் பலிகொடுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் அவள் ஊரில் இல்லை. தன்னைப் பீடித்த இருள்தான் அவனையும் விழுங்கியது என்று நம்புகிறாள். அவனுடைய தலையைத் துணியில் சுற்றி இடுப்பில் தொங்கவிட்டபடி, அவன் ஆன்மாவை மீட்கப் பாதாளத்துக்கு இறங்குகிறாள்.

போகும் வழியெல்லாம் அவள் தலைக்குள் குரல்கள். சில ஏளனம் செய்யும், சில எச்சரிக்கும், ஒன்று மட்டும் பரிவாகப் பேசும். இரு காதுகளிலும் ஒலி எப்படி விழுமோ அப்படியே பதிவு செய்திருப்பதால், ஒன்று இடது காதோரம் மூச்சு விடும், மற்றொன்று பிடரிக்குப் பின்னால் சிரிக்கும். மனப்பிறழ்வை அனுபவித்தவர்களையும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பால் ஃபிளெச்சரையும் கலந்து பேசித்தான் இதை அமைத்தார்கள். வி.ஆர். என்றதும் நாமே செனுவாவாக மாறிவிடுவோம் என்று நினைக்காதீர்கள். அவளுக்குப் பின்னால் சில அடி தள்ளி நிற்கிறோம். எனக்கு அது குறையாகப் படவில்லை. 'போ, நட, அடி' என்று அவளை ஏவிக்கொண்டிருக்கும் இன்னொரு குரலாகவே என்னை உணர்ந்தேன். சண்டைகள் மட்டும் சலிப்பு, பாதியாகக் குறைத்திருக்கலாம்.

தொடக்கத்திலேயே ஒரு மிரட்டல் வரும். தோற்கத் தோற்க அவள் கையிலிருந்து கருமை மேலேறும், அது தலையை எட்டினால் அதுவரை ஆடியதெல்லாம் அழிந்துவிடும் என்று. நான் நம்பி, பயந்து பயந்து ஆடினேன். அப்புறம்தான் தெரிந்தது, அது வெறும் பூச்சாண்டி. எத்தனை முறை தோற்றாலும் எதுவும் அழியாது. பதினேழு வருடமாக எனக்குள் இருந்ததும் இதே மாதிரி ஒரு மிரட்டல்தான்: பெரியம்மாவிடம் உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்தது.

நான் ஆடியது 2022 மார்ச் கடைசியில், கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் சிநேகிதனின் மேல்மாடியில். நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற காலம். ஒரு பின்னேரம் செனுவா பிணங்களுக்கு நடுவே தடுமாறி நடந்துகொண்டிருந்தாள், சட்டென்று எல்லாம் போய்விட்டது. ஹெட்செட்டுக்குள் கும்மிருட்டு. மின்விசிறி சுழன்று நின்றது. குரல்கள் ஓய்ந்த இடத்தில் ஜன்னல் வழியாகக் கடல் கேட்டது. கழற்ற வேண்டும் என்று தெரிந்தும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். சிநேகிதன், வி.ஆர். என்றால் முதலில் தலை சுற்றத்தான் செய்யும் என்றான்.

இதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வி.ஆரை வைத்துச் சிகிச்சை செய்கிறார்கள், உண்மை. அட்லாண்டாவில் பார்பரா ரோத்பாம் குழுவினர் 1990களிலேயே வியட்நாம் போர்வீரர்களுக்கு மெய்நிகர் ஹெலிகாப்டரையும் காட்டையும் காட்டினார்கள். பின்னர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஸ்கிப் ரிஸோ ஈராக் தெருக்களை உருவாக்கினார். அங்கே பக்கத்தில் சிகிச்சையாளர் இருப்பார். சிகிச்சை பெறுபவர் நடந்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போக, அவர் தாங்கும் அளவுக்கேற்பக் காட்சியைக் கூட்டுவார், குறைப்பார். கடை மாடியில் எனக்கு அப்படி யார் இருந்தார்கள்? அடுத்த வாரம் ஓர் உளவளத்துணையாளரைத் தேடிப் போனேன். (யாரிடம் போவதென்று தெரியாதவர்களுக்கு, இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.) நடந்ததன் காரணத்தைத் திரித்துத் தன்னையே பழித்துக்கொண்டிருப்பது, 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அதிர்ச்சிக்குப் பிந்திய நோயின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்றார் அவர். 'திரித்து' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நான் எதைத் திரித்தேன்?

செனுவாவும் திரித்துத்தான் வைத்திருந்தாள். கதையைக் கெடுக்கிறேன், மன்னியுங்கள்: சிறுமியாக இருந்தபோது தாயை எரித்தது தந்தைதான் என்பதையே அவள் நினைவு மூடிவைத்திருந்தது.

சித்திரையில் ஒரு நாள் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் சுளகை மடியில் வைத்து நெத்தலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். சொன்னேன். முறை, இன்னொரு ஆட்டம், படிக்கட்டு, செருப்பு, எல்லாம். அவருடைய கை நிற்கவில்லை.

"ஞாயிறு என்றால் அவன் கரைக்குப் பந்தடிக்கப் போவான்தானே தம்பி. நீயும்தானே போவாய். அன்று உனக்குக் காய்ச்சல், உன் அம்மா விடவில்லை."

காய்ச்சல் எனக்கு நினைவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "இருந்திருக்கும்" என்றார். பெரியம்மா எனக்காகக் கட்டிய கதையாகவும் இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டம் பொய் இல்லை. தென்னம்மட்டையை நட்டு விக்கெட் வைத்ததும், பந்து தண்ணீருக்குள் விழுந்தால் ஆறு ஓட்டம் இல்லை, ஆட்டமிழப்பு என்ற எங்கள் சட்டமும் அன்றிரவு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அத்தனை ஞாயிறுகளையும் எங்கே வைத்திருந்தேன்?

நான் புறப்படும்போது பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தச் சாமான் இன்னும் இருக்கிறதா?" பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. அடுத்த நாள் இரண்டு பட்டரி வாங்கிப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இதில் எதை அமுக்க வேண்டும் என்று கேட்டார்.