2008ல் அமெரிக்கா தன் உளவுச் செயற்கைக்கோளைத் தானே சுட்டு வீழ்த்தியது ஏன்? விஷ எரிபொருள் என்று சொன்னது உண்மைதானா?

விஷம் உண்மை. ஆனால் அதற்காகத்தான் சுட்டார்கள் என்று நான் நம்பவில்லை. இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நான் இருபத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில், நடந்தது மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாக.

2006 டிசம்பர் 14 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு டெல்டா 2 ராக்கெட் கிளம்பியது. உள்ளே ஓர் உளவுச் செயற்கைக்கோள். வெளியுலகத்துக்கு அதன் பெயர் யுஎஸ்ஏ 193. ராக்கெட் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. சுற்றுப்பாதையில் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே செயற்கைக்கோள்தான் பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டது. தரையிலிருந்து என்ன கட்டளை அனுப்பினாலும் பதில் இல்லை. சுமார் 2,300 கிலோ எடையுள்ள பிணம் ஒன்று தாழ்வான பாதையில் பூமியைச் சுற்ற ஆரம்பித்தது. அந்த உயரத்தில் கொஞ்சநஞ்சம் காற்று இருக்கும். அது உரச உரசப் பாதை இறங்கிக்கொண்டே வரும். 2008 ஜனவரி கடைசியில், இது சீக்கிரம் விழப்போகிறது என்ற செய்தி வெளியே வந்தது. எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதை நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 58 பாகைக்குச் சற்று மேல் வரை போய் வருவதால் சென்னையும் அதன் அடியில்தான், சிகாகோவும் அதன் அடியில்தான்.

பிப்ரவரி 14 அன்று பென்டகனில் செய்தியாளர் கூட்டம். கூட்டுப் படைத் தலைமையின் துணைத் தலைவர் ஜெனரல் ஜேம்ஸ் கார்ட்ரைட், நாசா தலைவர் மைக்கேல் கிரிஃபின், வெள்ளை மாளிகையிலிருந்து ஜேம்ஸ் ஜெஃப்ரி என மூன்று பேர் உட்கார்ந்து, அதிபர் புஷ் அதைச் சுட்டு வீழ்த்தச் சொல்லியிருக்கிறார் என்று அறிவித்தார்கள். சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: உள்ளே ஏறக்குறைய 450 கிலோ ஹைட்ரசீன் இருக்கிறது.

இந்தத் தொட்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மொத்தச் சண்டையும் இதை வைத்துத்தான். சுமார் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள டைட்டானிய உருண்டை. ஹைட்ரசீன் என்பது செயற்கைக்கோள் தன்னைத் தள்ளிக்கொள்ளப் பயன்படுத்தும் எரிபொருள். அம்மோனியா மாதிரி நெடி அடிக்கும், மூச்சில் போனால் நுரையீரலைப் பதம் பார்க்கும். நம் ஊர் செயற்கைக்கோள்களிலும் அதே சாமான்தான். சாதாரணமாக ஒரு செயற்கைக்கோள் வருஷக்கணக்கில் அதைச் செலவழித்துவிட்டுக் காலித் தொட்டியோடு விழும். இதுவோ போன அன்றைக்கே செத்தது, ஒரு சொட்டு கூடச் செலவாகவில்லை. சூடேற்றும் கருவிகளும் செத்துவிட்டன. ஹைட்ரசீன் 2 டிகிரிக்கு அருகிலேயே உறைந்துவிடும். ஆக, தொட்டி நிறைய விஷப் பனிக்கட்டி.

அதிகாரிகள் சொன்ன வாதம் இது: டைட்டானியம் சுலபத்தில் உருகாது, உள்ளே இருக்கும் பனிக்கட்டி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் தொட்டி உருப்படியாகத் தரைக்கு வந்து சேரும். வழியில் குழாய்கள் பிய்ந்துபோன ஓட்டைகள் வழியாக வாயு கசியும். பக்கத்தில் ஆள் இருந்தால் ஆபத்து. இதற்கு உதாரணமாகக் கொலம்பியா விண்ணோடத்தைக் காட்டினார்கள். 2003 பிப்ரவரியில் அது டெக்சாஸ் மேலே சிதறியபோது அதன் ஹைட்ரசீன் தொட்டி ஒன்று காட்டுப் பகுதியில் வந்து விழுந்தது நிஜம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் நிஜம்.

எவ்வளவு பரப்புக்கு ஆபத்து என்று கேட்டதற்கு அவர்களே சொன்ன கணக்கு: சுமார் இரண்டு ஃபுட்பால் மைதானம். பூமியில் முக்கால்வாசி கடல். மிச்சத்திலும் பாலைவனம், காடு, பனி. அதில் இரண்டு மைதானம். விண்வெளி யுகம் தொடங்கி ஐம்பது வருஷத்தில் விண்குப்பை மேலே பட்டதாகத் தெரிந்த ஒரே ஆள், 1997ல் ஓக்லஹோமாவில் நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணி. தோளில் யாரோ தட்டிய மாதிரி இருந்ததாம். அதுவும் ஒரு டெல்டா 2 ராக்கெட்டின் துண்டுதான், காயம் இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எவனுக்கும் சந்தேகம் வரும். வந்தது.

ஒரு கூட்டம், ரகசியக் கருவிகள் எதிரி கையில் கிடைக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்றது. இதற்கு வரலாறு இல்லாமல் இல்லை. 1968ல் மூழ்கிப்போன சோவியத் நீர்மூழ்கியை 1974ல் திருட்டுத்தனமாகத் தூக்க, கடலடியில் மாங்கனீசு எடுக்கப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லி ஒரு கப்பலையே கட்டியது அமெரிக்க உளவுத்துறை. அப்படிப்பட்டவர்கள் பேச்சை யார் நம்புவார்கள்? ஆனாலும் இந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை. ஒலியை விட இருபது மடங்குக்கு மேல் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழையும் கேமராவும் கணினிச் சில்லும் என்ன கதியாகும்? கிடைத்தாலும் கருகிய உலோகம்தான் கிடைக்கும்.

இன்னொரு கூட்டம், உள்ளே அணு உலை இருக்கிறது, மறைக்கிறார்கள் என்றது. இதற்கும் ஒரு பழைய பயம் காரணம். 1978 ஜனவரியில் சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் விழுந்தது. கனடா 60 லட்சம் டாலர் கேட்டு, கடைசியில் 30 லட்சம் வாங்கியது. அடுத்த வருஷம் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப் விழுந்தபோது நம் ஊரிலேயே ‘நம்ம தலையில விழுமா’ என்று பேசாத டீக்கடை இல்லை. என் அம்மா அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு எங்களை வாசலுக்கே விடவில்லை. அது போய் மேற்கு ஆஸ்திரேலியாவில் விழுந்தது. குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் என்ற ஊரின் நிர்வாகம் 400 டாலர் அபராதம் போட்டது. சரி, விஷயத்துக்கு வருவோம். யுஎஸ்ஏ 193ல் அணு உலை இருந்ததற்கு ஆதாரமாக ஒரு துரும்பும் யாரும் காட்டவில்லை.

மூன்றாவது சந்தேகம்தான் கனமானது. ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகமே வெளிப்படையாகச் சொன்னது: இது செயற்கைக்கோளை அழிக்கும் ஆயுதச் சோதனை, விஷம் ஒரு சாக்கு.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2007 ஜனவரி 11: சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றைச் சுமார் 865 கிலோமீட்டர் உயரத்தில் ஏவுகணையால் அடித்து நொறுக்கியது. கண்காணிக்கும் அளவுள்ள துண்டுகளே மூவாயிரத்துக்கு மேல். 2008 பிப்ரவரி 12: விண்வெளியில் ஆயுதம் வைக்கக் கூடாது என்று ஒரு ஒப்பந்த வரைவை ரஷ்யாவும் சீனாவும் ஜெனீவாவில் முன்வைத்தன. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 14: வாஷிங்டனில் அந்தச் செய்தியாளர் கூட்டம்.

அமெரிக்காவுக்குச் சோதனை தேவையில்லை, 1985லேயே எஃப்-15 விமானத்திலிருந்து ஏவுகணை விட்டு ஒரு செயற்கைக்கோளை அடித்துக் காட்டியவர்கள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அது வேறு ஆயுதம், அந்தத் திட்டத்தை 1988ல் மூடிவிட்டார்கள். 2008ல் பயன்படுத்தியது எஸ்எம்-3 என்ற ஏவுகணை. எதிரியின் ஏவுகணையைத் தடுப்பதற்காக, போர்க்கப்பலில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் சரக்கு. ஏவுகணைத் தடுப்புத் திட்டத்துக்குக் கொட்டும் பணம் வீண் என்று அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே பலர் முணுமுணுத்துக்கொண்டிருந்த காலம் அது. மூன்று ஏவுகணைகளுக்கு மென்பொருளை மாற்றினார்கள். பிப்ரவரி 20 இரவு, வாஷிங்டன் நேரம் 10:26. ஹவாய்க்கு மேற்கே பசிபிக் கடலில் லேக் ஈரி என்ற கப்பலிலிருந்து ஒன்று கிளம்பியது. சுமார் 247 கிலோமீட்டர் உயரத்தில், ஏவுகணையும் செயற்கைக்கோளும் மணிக்குக் கிட்டத்தட்ட 35,000 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று நெருங்கி மோதின. அதன் முனையில் வெடிமருந்து கிடையாது. மோதுகிற வேகமே போதும். முதல் அடியிலேயே பட்டது, மற்ற இரண்டும் மிச்சம்.

இடையில் ஒன்று. அந்த நேரம் வாஷிங்டனில் முழுச் சந்திர கிரகணம். 10:26 என்பது கிரகணத்தின் உச்சமும்கூட. கிரகண நேரத்தில் எதையும் ஆரம்பிக்காதே என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே ஒரு பாட்டி இல்லை போலிருக்கிறது.

மறுநாள் ஹவாயில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸிடம் கேட்டார்கள். இந்தத் திறன் வேலை செய்யுமா செய்யாதா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது என்ற பொருளில் பதில் சொன்னார். மக்களைக் காப்பாற்றுவதற்காக மட்டும் சுட்டிருந்தால், அடுத்த நாள் வாயில் முதலில் வருவது தொட்டியைப் பற்றிய பேச்சாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? எனக்கு அந்த ஒரு பதில் போதும்.

இப்போது என் கோப்புக் கதை. நான் உதவியாளராக இருந்த ஓர் அலுவலக வளாகத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. புதிதாக வந்த அதிகாரிக்குக் கார் நிறுத்த அந்த இடம் வேண்டும். குறிப்பு எழுத வேண்டியவன் நான். வாகன நிறுத்துமிடம் தேவை என்று எழுதிக்கொண்டு போனேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, காருக்குன்னு எழுதினா மரத்த ஏன் வெட்டணும், அந்தப் பக்கம் நிறுத்துனா ஆகாதான்னு நூறு கேள்வி வரும். மரம் விழும்னு எழுது. ஒருத்தன் கேக்க மாட்டான்.” நான் போய் மரத்தைப் பார்த்தேன். அடியில் பொந்து இருந்தது, கை விட்டால் முழங்கை வரை போனது. ஒரு கிளை நிஜமாகவே பட்டுப்போயிருந்தது. “பருவமழைக் காலத்தில் முறிந்து விழக்கூடிய நிலையில் உள்ளதால் பொதுமக்களின் பாதுகாப்பு கருதி” என்று எழுதினேன். ஒரே வாரத்தில் ஒப்புதல் வந்தது. நான் எழுதியதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனால் பொந்து பத்து வருஷமாக இருந்தது, அதற்காக யாரும் அரிவாளைத் தூக்கவில்லை. இப்போது அந்தக் கார் வெயிலில் காய்கிறது, அது வேறு கதை.

யுஎஸ்ஏ 193ன் ஹைட்ரசீனை நான் அந்தப் பொந்து மாதிரிதான் பார்க்கிறேன். இட்டுக்கட்டியது இல்லை. தொட்டி தரை வரை உருப்படியாக வந்திருக்காது என்று பின்னாளில் வாதிட்ட இயற்பியலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் வந்தாலும் வரலாம் என்ற அளவுக்காவது அதில் உண்மை இருந்தது. கார்ட்ரைட்டோ கிரிஃபினோ மேடையில் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சுட வேண்டும் என்ற ஆசை பலருக்குப் பல காரணத்தால் இருந்திருக்கும். எல்லாரும் கையெழுத்துப் போடக்கூடிய காரணம் ஒன்று வேண்டியிருந்தது. விஷம் அந்தக் காரணம்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சீனா ஒருவருக்கும் சொல்லாமல் அடித்தது, அந்தக் குப்பையில் கணிசமானது இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கா ஆறு நாள் முன்னதாகவே ஊரறியச் சொன்னது. அட்லாண்டிஸ் விண்ணோடம் தரையிறங்கும் வரை காத்திருந்தது. குறி தவறினால் உலகமே சிரிக்கும் என்று தெரிந்தும் சொன்னது. அடித்த உயரமும் தாழ்வு. பெரும்பாலான துண்டுகள் சில வாரங்களில் எரிந்துவிட்டன, கடைசித் துண்டு 2009 அக்டோபரில். வெறும் வீம்பு என்றால் இவ்வளவு பதனம் தேவையில்லை என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். நல்ல குமாஸ்தாவும் அவ்வளவு பதனமாகத்தான் கோப்பை எழுதுவான் என்று மட்டும் சொல்வேன்.

நம் ஆட்கள் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. 2019 மார்ச் 27 அன்று இந்தியா மைக்ரோசாட்-ஆர் என்ற தன் செயற்கைக்கோளை அடித்தபோது விஷம், பாதுகாப்பு என்று எதையும் இழுக்கவில்லை. பிரதமரே தொலைக்காட்சியில் வந்து, எங்களிடம் இந்த ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். குப்பை 45 நாளில் விழுந்துவிடும் என்று சொன்னதுதான் பலிக்கவில்லை. சில துண்டுகள் ஒரு வருஷத்துக்கு மேலும் சுற்றின.

கடைசியாக ஒரு விஷயம். 2022 ஏப்ரலில் அமெரிக்கா, செயற்கைக்கோள்களை ஏவுகணையால் உடைக்கும் சோதனைகளை இனி நடத்த மாட்டோம் என்று உறுதி கொடுத்தது. துணை அதிபர் கமலா ஹாரிஸ் அதை அறிவித்த இடம் வாண்டன்பெர்க், யுஎஸ்ஏ 193 கிளம்பிய அதே தளம். உறுதியில் இருக்கும் சொல் “சோதனை”. 2008ல் நடந்தது சோதனை என்று அவர்கள் கோப்பில் எங்கேயும் கிடையாது. நாளைக்கே தொட்டி நிறைய எரிபொருளோடு இன்னொன்று செத்து இறங்கினால், அந்த உறுதி குறுக்கே வராது என்பது என் வாசிப்பு.