கிளாஸியா, மேட்டா? அணைத்த போனில் பாருங்க!

(லேப்டாப் திரைகளில் கண்ணாடி போலப் பளபளக்கும் கிளாஸி, பளபளக்காத மேட் என்று இரண்டு வகை உண்டு. அவற்றை வாங்குவது, துடைப்பது, பாதுகாப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, நாகர்கோவில் வடசேரியில் இருபது வருடமாக லேப்டாப் பழுது பார்க்கும் கடை நடத்துபவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணே, வீட்டுத் தார்சாவில் (முன் வராந்தாவில்) உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். சாயங்காலம் நாலரை முதல் ஆறு வரை. இப்போதுள்ள லேப்டாப்பில் நான் எழுதும் கணக்கு தெரிவதைவிட, எனக்குப் பின்னால் இருக்கும் எதிர்வீட்டு வெள்ளைச் சுவர்தான் தெளிவாகத் தெரிகிறது. எங்களுடையது கிழக்கு பார்த்த வீடு, அந்த நேரத்தில் தார்சாவில் வெயிலே கிடையாது. புதிது வாங்கலாம் என்றால், மகன் கிளாஸி திரைதான் அழகு என்கிறான். கடைக்காரர் மேட் எடுங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்க?
*டியூஷன் ஆசிரியை, குளச்சல்*

பதில்: டீச்சர், வெயில் உங்க தார்சாவுல இல்லை, சரிதான். அது எதிர்வீட்டுச் சுவர்ல இருக்கு. கிழக்கு பார்த்த வீட்டுக்கு எதிர்வீடு மேற்கு பார்த்துல்லா நிக்கும்? சாயங்கால வெயில் மொத்தமும் அந்தச் சுண்ணாம்புச் சுவர்ல அடிச்சு, உங்க முதுகுக்குப் பின்னால வந்து, திரையில விழுது.

நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்க, காசு ஒண்ணும் வேண்டாம். அஞ்சு மணிக்கு டியூஷன் எடுக்கிற அதே நாற்காலியில உட்காருங்க. போனை அணைச்சு, லேப்டாப் திரை நிக்கிற அதே இடத்துல, அதே சாய்வுல நிறுத்தி வையுங்க. அணைச்ச போன்னா ஒரு கருப்புக் கண்ணாடி ஆக்கும். கிளாஸி திரையும் கிட்டத்தட்ட அதேதான். போன்ல என்னெல்லாம் தெரியுதோ, நீங்க வாங்கப்போற கிளாஸி லேப்டாப்லயும் அதெல்லாம் தெரியும். எங்கிட்ட ஆலோசனை கேக்க வாறவங்க எல்லாருக்கும் இதைத்தான் முதல்ல சொல்லுவேன். கடையில டியூப்லைட்டுக்கு அடியில நின்னு பார்த்து வாங்கினா, அந்தக் கடைக்குப் பொருத்தமான லேப்டாப்தான் கிடைக்கும், உங்க தார்சாவுக்குப் பொருத்தமானது கிடைக்காது.

கணக்கு டீச்சர்ங்கிறதால கொஞ்சம் கணக்கும் சொல்றேன். திரையோட வெளிச்சத்தை நிட்ஸ்னு அளப்பாங்க. விலை குறைஞ்ச லேப்டாப்ல பெரும்பாலும் 250 நிட்ஸ்தான் இருக்கும். மேல பூச்சு ஒண்ணும் இல்லாத கண்ணாடி, தன்மேல படுற வெளிச்சத்துல நூத்துக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பும். நேர் வெயில்ல நிக்கிற வெள்ளைச் சுவரோட வெளிச்சம் 10,000 நிட்ஸைச் சாதாரணமாத் தாண்டும். அதுல நூத்துக்கு 4 எவ்வளவு? 400. உங்க லேப்டாப் எவ்வளவு முக்கினாலும் 250தான். 400 கிட்ட 250 தோத்துதானே போகும்? அதனாலதான் கணக்கு மறைஞ்சு சுவர் தெரியுது.

அப்போ மேட் என்ன செய்யுது? சுசீந்திரம் தெப்பக்குளத்துப் பக்கம் காலையில போயிருப்பீங்க. காத்து அசையாத நேரத்துல கோபுரம் அப்படியே தலைகீழா வெள்ளத்துல (தண்ணியில) நிக்கும். லேசா காத்தடிச்சு அலை எழும்பினா கோபுரம் கலைஞ்சிடும். வெளிச்சம் எங்கயும் போகலை, குளம் முழுக்கச் சிதறிக் கிடக்கும், உருவம் மட்டும் இருக்காது. மேட் திரையோட மேல்தோல்ல கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருக்கு. அது அந்தச் சின்ன அலை மாதிரி. சுவரை இல்லாமலாக்காது. சுவரோட உருவத்தைக் கலைச்சு ஒரு வெளுப்பா ஆக்கிவிடும். உருவம் தெரிஞ்சா கண்ணு அது பின்னால போகும், வெறும் வெளுப்பு இருந்தா எழுத்துமேல நிக்கும். அந்த வெளுப்புக்கும் ஒரு விலை உண்டு: கருப்பு கொஞ்சம் சாம்பலாத் தெரியும்.

உங்களுக்கு மேட்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா வெறும் மேட்னு கேட்டு வாங்கிடாதீங்க, 300 நிட்ஸ் உண்டுமான்னு கேளுங்க. 400 கிடைச்சா இன்னும் விசேஷம். அதுக்கும் முன்னால, நாற்காலியைத் திருப்பிப் போடுங்க. தெரு உங்க முதுகுப் பக்கமும் வேண்டாம், முகத்துக்கு நேராவும் வேண்டாம், இடது தோள்பக்கம் வரட்டும். இப்ப இருக்கிற லேப்டாப்பே இன்னும் ரெண்டு வருஷம் ஓடினாலும் ஓடும். எனக்கு வியாபாரம் போகுது, பரவாயில்லை.

மகன் சொன்னதும் பொய்யில்லை. இருட்டு அறையில கிளாஸி அழகுதான். 2005, 2006 வாக்கிலதான் இந்த மோகம் நம்ம ஊருக்கு வந்துது. சோனி அதை எக்ஸ்பிரைட்னாங்க, ஹெச்பி பிரைட்வியூன்னாங்க, ஏசர் கிறிஸ்டல்பிரைட்னாங்க. ஆளுக்கொரு பேர், சாமான் ஒண்ணுதான். ஷோரூம்ல மேட்டையும் கிளாஸியையும் பக்கத்துல பக்கத்துல வைச்சா கை தன்னால கிளாஸி பக்கம் போகும். ஆப்பிள் 2008-ல திரைமேல முழுக் கண்ணாடியே போட்டாங்க. மேட் வேணும்னு சனங்க சத்தம் போட்ட பிறகு முதல்ல 17 இஞ்ச்லயும் பிறகு 15 இஞ்ச்லயும் கேட்டவங்களுக்குக் கொடுத்தாங்க. சுத்திச் சுத்தி 2024-ல மேக்புக் புரோவுக்கு நானோ டெக்ஸ்சர்னு ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க. அதுவும் மேட்தான், அமெரிக்காவுல அதுக்கு 150 டாலர் தனியா வாங்குறாங்க. ஒருகாலத்துல சும்மா வந்த சாமான்!

கேள்வி: கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். மேட் திரையில் கலர் செத்துப்போகும், கிளாஸி இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது என்று கூட்டாளி சொல்கிறார். உண்மையா?
*ஸ்டுடியோ உரிமையாளர், மார்த்தாண்டம்*

பதில்: கலர் செத்துப்போறது உண்மை. கொன்னது யாருங்கிறதுலதான் உங்க கூட்டாளிக்குத் தப்பு. விலை குறைஞ்ச மேட் லேப்டாப் நிறையவற்றுல 45% என்டிஎஸ்சின்னு, குறைஞ்ச நிறங்களை மட்டும் காட்டுற ஒரு பேனல் (படம் காட்டுற தகடு) போட்டிருப்பாங்க. சிவப்புக் கல்யாணப் பட்டு அதுல செங்கல் நிறத்துல தெரியும். அதுமேல கண்ணாடியை ஒட்டினாலும் செங்கல் செங்கல்தான், பளபளக்கிற செங்கல். விவரச்சீட்டுல 100% எஸ்ஆர்ஜிபின்னு (வழக்கமான நிறங்களை முழுசாக் காட்டும்னு அர்த்தம்) இருக்கான்னு பாருங்க, ஐபிஎஸ் பேனலான்னும் (பக்கவாட்டுல பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) கேளுங்க. அது ரெண்டும் இருந்தா மேட்டே உங்களுக்கு எதேஷ்டம். கலர் திருத்துறதுக்குன்னே செய்யுற ஐசோ கலர்எட்ஜ் மானிட்டரைப் பாருங்க, அது மேட்தான். போதாததுக்கு, அதுல சில மாடல்ல வெளிச்சம் விழாம இருக்க மூணு பக்கமும் கருப்புத் தடுப்பும் வைச்சிருக்கும்.

போன மாசம் உங்க ஊர்ப் பக்கத்துலயே ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். பின்சுவர் ரோஸ் பெயிண்ட், அதுல ரெண்டு டியூப்லைட், உட்கார்ந்திருந்த தம்பி போட்டிருந்தது பளீர்னு வெள்ளைச் சட்டை. திரையில மணப்பொண்ணு முகத்துக்கு நடுவுல அவன் சட்டைப் பொத்தான் தெரியுது. பொண்ணு முகம் ஏன் வெளுத்துத் தெரியுதுன்னு எங்கிட்ட கேக்கான்! பின்சுவருக்குச் சாம்பல் பெயிண்ட் அடிங்க, லைட்டைத் திரைக்குப் பின்னால மாத்துங்க, வேலைக்கு உட்காரும்போது கடுத்த நிறத்துல சட்டை போடுங்க. அதுக்கப்புறமும் கிளாஸி வேணும்னு தோணினா தாராளமா வாங்குங்க. அந்த அறையில அதுவும் நல்லாத்தான் வேலை செய்யும். ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிருற திரை) வாங்குறதுன்னா பெரும்பாலும் கிளாஸிதான் கிடைக்கும், அதையும் மனசுல வையுங்க.

கேள்வி: என்னிடம் டச் வசதியுள்ள கிளாஸி லேப்டாப் இருக்கிறது. மேலே மேட் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாமா?
*பாலிடெக்னிக் மாணவர், குலசேகரம்*

பதில்: ஒட்டலாம் மக்கா. சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும். எழுத்தோட கூர்மை கொஞ்சம் குறையும், வெள்ளைப் பக்கத்துல மணல் தூவின மாதிரி ஒரு மினுக்கம் தெரியும். ஃபேனைப் போட்டுட்டு ஒட்டாத. தூசி ஒண்ணு உள்ள போனா குமிழ் விழும், பிறகு ஆயுசுக்கும் அந்தக் குமிழைத்தான் பார்த்துக்கிட்டு இருப்ப. இதையே தலைகீழாச் செய்ய முடியுமான்னு சிலர் கேப்பாங்க, மேட்டைச் சுரண்டி கிளாஸி ஆக்கலாமான்னு. முடியாது. அந்தச் சொரசொரப்பு பேனல் மேல இருக்கிற, ஒளியை வடிகட்டுற போலரைசர் ஃபிலிம்லயே இருக்கு. சுரண்டினா பேனல் போச்சு.

கேள்வி: மீன் ஏலக் கணக்கு எழுத லேப்டாப் வைத்திருக்கிறேன். காலையில் எடுத்தால் திரை பிசுபிசுவென்று இருக்கிறது. துடைத்துத் துடைத்து நடுவில் ஒரு இடம் மட்டும் மினுங்குகிறது. மேட் திரைதான். என்ன செய்ய?
*வியாபாரி, முட்டம்*

பதில்: அண்ணாச்சி, உங்க லேப்டாப்புல இருக்கிறது கடல். கடல்காத்துல வாற உப்பு திரையில படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், அதுதான் அந்தப் பிசுபிசுப்பு. வெயில் ஏறி ஈரம் காஞ்சா பொடி உப்பா நிக்கும். அந்த நேரம் பார்த்து தோள்ல கிடக்கிற துவர்த்தை எடுத்து அழுத்தித் தேச்சிருப்பீங்க. உப்பையும் மணலையும் வைச்சுத் தேச்சா அது சாணை பிடிக்கிறதுதான். மேட்டோட மேடுபள்ளம் தேஞ்சு அந்த இடம் மட்டும் வழவழப்பாயிடும். நடுவுல மினுங்குறது அதுதான், இனி அந்த மேடுபள்ளம் திரும்ப வராது. மனசுக்குக் கஷ்டமா இருந்தா பேனல் மாத்தலாம். கணக்கு தெரிஞ்சாப் போதும்னா விட்டுருங்க.

இனிமே இப்படிச் செய்யுங்க. லேப்டாப்பை அணைச்சு, சூடு ஆறட்டும். ஒரு பெயிண்ட் பிரஷ், புதுசு, வைச்சுத் தூசியைத் தட்டுங்க. மூக்குக்கண்ணாடி துடைக்கிற மாதிரி மெத்துத் துணியை நல்ல வெள்ளத்துல நனைச்சு, ஒட்டப் பிழிஞ்சு, அழுத்தாம மேலிருந்து கீழ ஒரே இழுப்பு. உப்பு வெள்ளத்துல கரையுற சாமான்தானே, தேய்க்கவே வேண்டாம். பிறகு காஞ்ச துணியால ஒரு ஒத்து. வெள்ளத்தைத் திரைமேல நேரா மட்டும் தெளிச்சிடாதீங்க. அது வழிஞ்சு கீழ் ஓரத்துல இறங்கும், அங்கதான் பேனலோட எலக்ட்ரானிக்ஸ் இருக்கு. கோடு கோடா விழுந்து எங்கடைக்கு வாற பேனல்ல பாதி இப்படி வந்ததுதான்.

கண்ணாடி துடைக்கிற நீல மருந்து வேண்டாம், தின்னர் வேண்டவே வேண்டாம். இது நான் காசு கொடுத்துப் படிச்ச பாடம். கடை தொடங்கின புதுசுல ஒரு வாத்தியாரோட மேட் திரையில ஸ்டிக்கர் பசை இருந்துதுன்னு ஒரு சொட்டு தின்னர் போட்டேன். பசை போச்சு, கூடவே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் தழும்பு விழுந்துது. அந்த மாச வாடகைக்கு வைச்சிருந்த பணத்துல பேனல் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். வாத்தியாருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. திருநீறு போட்டுத் துடைச்சுக் கொண்டு வந்த ஒரு பாட்டாவும் உண்டு. குத்துவிளக்குக்கு அது நல்லதுதான்.

கேள்வி: கன்னியாகுமரியில் தங்கும் விடுதியில் வரவேற்பில் வேலை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு, கிழக்குக் கடல். மேட் லேப்டாப்தான், ஆனாலும் காலை ஏழு மணிக்கு ஒன்றும் தெரிவதில்லை.
*வரவேற்பாளர், கன்னியாகுமரி*

பதில்: மேட் தோத்துப் போற ஒரே இடத்துல போய் உட்கார்ந்திருக்கீங்க தம்பி. சூரியன் திரைமேலயே நேரா விழுந்தா மேட் அந்த வெயில் மொத்தத்தையும் எல்லாத் திசைக்கும் சிதறடிக்கும், திரை முழுக்கப் பால் ஊத்தின மாதிரி ஆயிடும். கிளாஸின்னா ஒரு திசைக்குத்தான் திருப்பி அடிக்கும், கொஞ்சம் சாய்ச்சு வைச்சுத் தப்பிச்சுக்கலாம். அதுக்காகப் புதுசு வாங்காதீங்க. மேஜையைக் கால்வட்டம் திருப்பச் சொல்லுங்க. முடியாதுன்னா எட்டரை வரைக்கும் ஒரு பிரம்புத் திரை. ஊர் சனமெல்லாம் காசு கொடுத்துப் பார்க்க வாற சூரியனை நீங்க தட்டி வைச்சு மறைக்கணும், என்ன செய்ய!

கேள்வி: மேட் திரை கண்ணுக்கு நல்லது என்கிறார்களே?
*வாசகி, தக்கலை*

பதில்: திரையில எதிர்வெளிச்சம் விழுந்து, அதுக்குள்ள எழுத்தைத் தேடித் தேடிக் கண்ணு களைச்சா, மேட் உதவும். எதிர்வெளிச்சமே இல்லாத அறையில பெரிய வித்தியாசம் இருக்காது. திரையைப் பார்க்கும்போது நாம இமைக்கிறதே குறைஞ்சுபோகும், கண்ணு காயுறது அதனால. அதை எந்தத் திரையும் சரியாக்காது. அடிக்கடி தலையைத் தூக்கித் தூரத்துல தெரியுற தென்னையைப் பாருங்க. தலைவலி தொடர்ந்து இருந்தா கண் டாக்டரைப் பாருங்க, என்னையில்லை.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?
*பெயர் வேண்டாம், ஆரல்வாய்மொழி*

பதில்: ரெண்டும் உண்டு. கடை ரோட்டைப் பார்த்தது, பஸ் போகும்போதெல்லாம் அதோட கண்ணாடியில பட்ட வெயில் உள்ள வந்து போகும். அதனால கடையில பழைய மேட் ஒண்ணு. வீட்டுல இருக்கிறது கிளாஸி. என் பொண்டாட்டி ராத்திரி சாப்பாடு முடிஞ்சு படம் பார்க்கிறதுக்கு. பழம்பொரி தின்ன கையோட பிள்ளைகள் தொட்டு, மறுநாள் காலையில பார்த்தா அதுல அஞ்சு விரலும் எண்ணலாம். ஆனா ஆரல்வாய்மொழி காத்து எங்க ஊர் வரைக்கும் வீசி, மரம் விழுந்து, கரண்ட் போன ராத்திரியில அந்தக் கிளாஸியைப் பார்க்கணுமே. அதை அடிக்க ஒரு திரை கிடையாது. பேட்டரியில சார்ஜ் இருக்கணும், அவ்வளவுதான்.