கடனைத் திருப்பித் தராவிட்டால் ‘420’ ஆகுமா?

கேள்வி: உடன் வேலை பார்த்தவருக்கு, புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு 2 லட்சம் ரூபாய் கொடுத்தேன். நோட்டு எழுதி 2 வருடம் 8 மாதம் ஆகிறது. இப்போது போனையே எடுப்பதில்லை. 20 ஆயிரம் செலவழித்தால் ஸ்டேஷனில் ‘420’ போட்டு உள்ளே தள்ளிவிடலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அவருடைய பைக்கைத் தூக்கி வந்துவிடலாம் என்கிறான் தம்பி. என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் தம்பியை உட்காரச் சொல்லுங்கள். கடனைத் திருப்பித் தராதது மட்டுமே குற்றமாகாது. பைக்கைத் தூக்கி வந்தால் அவன் மேல் திருட்டு வழக்குப் பாயலாம். பணத்தையும் கொடுத்துவிட்டு ஜாமீனுக்கும் அலைய வேண்டுமா?

420 என்ற எண் பழைய கதை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் மோசடி 318-வது பிரிவு; அந்தத் தேதிக்கு முன் நடந்ததற்கு மட்டும் பழைய 420. எண்தான் மாறியது, கேள்வி மாறவில்லை: பணத்தை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா? நல்லபடியாக வாங்கிவிட்டுப் பிறகு கையை விரித்தால் அது சிவில் விவகாரம்.

என்ன சொல்லி வாங்கினார் என்று யோசித்துப் பாருங்கள். மகளுக்கு ஆபரேஷன் என்று சொல்லி, அப்படி ஒரு ஆபரேஷனே இல்லையென்றால் மோசடிப் புகார் கொடுக்கலாம். ஆபரேஷன் உண்மை, மிச்சப் பணத்தில் டிவி வாங்கினார் என்றால் நிற்காது. அடுத்தவர் மனையைத் தன்னுடையது என்று காட்டி வாங்கியிருந்தால் மோசடி. சொந்த மனையைக் காட்டி வாங்கி, பிறகு அதை விற்றுவிட்டால் பெரும்பாலும் சிவில்தான். கல்யாணச் செலவுக்கு என்று வாங்கி, அந்தக் கல்யாணத்தில் நீங்களே சாப்பிட்டும் வந்திருந்தால் மோசடிப் புகாரை மறந்துவிடுங்கள்.

அந்தத் ‘தெரிந்தவர்’ விஷயத்துக்கு வருகிறேன். இவர்களை ஸ்டேஷன் வாசல் டீக்கடைகளில் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். மனு எழுதித் தருவார், மனு வந்தது என்பதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கையில் கிடைக்கும். அது வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். அல்ல. எதிராளியைக் கூப்பிட்டு மிரட்டுவார்கள், அவரும் ‘அடுத்த மாசம் தர்றேன்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார். ‘சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்று முதல் நாளே சொல்ல வேண்டிய சில ஸ்டேஷன்கள், மேஜை போட்டு வட்டிக்கணக்குப் பார்க்கின்றன. இதற்குள் நான்கு மாதம் ஓடிவிடும். புரோநோட்டை வைத்து கோர்ட்டில் வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. போலீஸில் மனு கொடுத்ததால் அது ஒரு நாள்கூட நீளாது.

ஆகவே இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் கெடு முடிவதற்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். வாய்தா வாய்தாவாக இழுக்கும், மறைக்க விரும்பவில்லை. பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம்.

இடையில் அவர் ஆயிரம் ரூபாய் தந்தாலும் சரி, நோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி அவருடைய கையெழுத்தை வாங்குங்கள். கெடுவுக்குள் வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். அப்புறம், அந்தத் தெரிந்தவர் ‘ஸ்டேஷன்ல காட்டணும், ஒரிஜினல் நோட்டைக் கொடுங்க’ என்பார். ஜெராக்ஸைக் கொடுங்கள்.