மகள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறாள், விடலாமா?

திருப்பூரிலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு,

மகள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. எஸ்.ஏ.இ. கிளப்பில் சேர்ந்திருக்கிறாள், பாஜா டீமுக்கு என்று 12,000 ரூபாய் கேட்கிறாள், சாயங்காலம் போன் போட்டால் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன் என்கிறாள். 'இது வேலைக்கு உதவுமா, இல்லை பொழுதுபோக்கா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். பெண் பிள்ளையைப் பெற்றவர் அந்த வரியில் என்ன எழுதியிருப்பார் என்று எனக்கும் தெரியும். அதற்கும் வருகிறேன்.

முதலில், இது கல்லூரியில் நாலு பேர் கூடித் தொடங்கிய மன்றம் இல்லை. எஸ்.ஏ.இ. 1905-இல் அமெரிக்காவில் வாகனப் பொறியாளர்கள் தொடங்கிய சங்கம். அதோடு இணைந்த எஸ்.ஏ.இ. இந்தியாவுக்குத் தலைமையகம் நம் சென்னையில்தான். கம்பெனிகளில் வேலை பார்க்கும் பொறியாளர்கள் உறுப்பினர்கள். கல்லூரிகளில் இருப்பது அதன் மாணவர் கிளப். பாஜா என்பது அவர்கள் நடத்தும் போட்டி. மேடு பள்ளத்தில் ஓடக்கூடிய, ஒருவர் மட்டும் உட்காரும் வண்டியை மாணவர்களே வடிவமைத்துக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கியது, இங்கே 2007-இல் இந்தூர் பக்கத்தில் பீதம்பூரில் முதல்முறை நடந்தது.

வண்டி என்றதும் ரேஸ் என்று நினைக்காதீர்கள். முதலில் காகிதத்தில் உள்ள வடிவமைப்பை நடுவர்கள் முன் விளக்கித் தேற வேண்டும். அப்புறம்தான் கட்டுவது. ஓட்டுநரைச் சுற்றியுள்ள கூண்டுக்கு எந்தக் குழாயும் போட முடியாது. இரும்பில் கார்பன் குறைந்தது 0.18 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதி. குழாய் வாங்கிய கடைக்காரர் சொன்னால் போதாது, சோதனைச் சான்றிதழ் வேண்டும். ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு 5 விநாடிக்குள் வெளியே குதித்துக் காட்ட வேண்டும். பிரேக் போட்டால் நாலு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். இதிலெல்லாம் தேறிய வண்டிதான் கடைசி நாள் 4 மணி நேர ஓட்டத்துக்குப் போகும். ஏகப்பட்ட வண்டிகள் அந்த இடத்துக்கே வருவதில்லை.

இனி உங்கள் கேள்வி. உறுப்பினர் அட்டைக்காக எந்தக் கம்பெனியும் வேலை தராது. இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நாலைந்து சங்கங்களின் பெயரைப் பயோடேட்டாவில் அடுக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஒரு பையனுக்கு மாதிரி நேர்காணல் நடத்தினேன். 'கிளப்பில் என்ன செய்தாய்?' 'ஈவென்ட் நடத்தினோம் சார்.' 'நீ?' பதில் இல்லை. இன்னொரு பையன் வந்தான், அவன் டீம் போட்டியில் பிரேக் சோதனையிலேயே வெளியேறிவிட்டது. பின் சக்கரம் பூட்டவில்லை. ஏன் என்று கேட்டதும் என் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டான்: பின் பக்க பிரேக் ஆயில் லைனில் காற்று தங்கிவிட்டது, முந்தின ராத்திரி அவசரத்தில் ஏர் எடுத்ததாக நினைத்து விட்டுவிட்டோம், அடுத்த வண்டியில் காற்று வெளியேற்றும் நிப்பிளை மேல் பக்கம் வருகிற மாதிரி வைத்தோம் என்று. தோற்ற கதைதான். ஆனால் ஒரகடத்திலோ ஓசூரிலோ நேர்காணல் எடுக்கிறவர் இந்தப் பையனிடம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

ஆகவே மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது 'எதற்கு அங்கே நிற்கிறாய்?' என்பதை அல்ல, 'உன் கையில் என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்?' என்பதை. இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பல டீம்களில் பெண்களைச் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் ஸ்பான்சருக்குக் கடிதம் எழுது, பிபிடி போடு, விழாவில் மைக் பிடி என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறாளே என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். ஒர்க்‌ஷாப்பில் இருந்தும் வேலை தொடாமல் இருக்கிறாளோ என்பது என் பயம். (செலவுக் கணக்கு தயாரிக்கும் வேலை கிடைத்திருந்தால் அதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் விலை போட்டு நடுவர் முன் வாதாட வேண்டிய பிரிவு அது. கம்பெனிகளில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது.) முதல் வருஷம் கிரைண்டிங், கூட்டிப் பெருக்குவது என்றுதான் போகும், பரவாயில்லை. இரண்டாம் ஆண்டில் பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் என ஏதாவது ஒரு பகுதி அவள் பெயரில் இருக்க வேண்டும்.

படிப்பில் கறாராக இருங்கள். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் பெரும்பாலானவை அரியர் இருந்தால் உள்ளேயே விடாது. வண்டியை எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாகப் போன நாளை வருகையாகக் கணக்கிடுவது) போட்டுக்கொள்ளலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். ஓ.டி. என்பது துறைத்தலைவர் கையெழுத்து போட்ட பிறகுதான் ஓ.டி.

அவள் தோழிகளுக்கும் சேர்த்து ஒரு வரி: எலக்ட்ரானிக்ஸ் என்றால் ஐ.இ.இ.இ. மாணவர் கிளை, ஏ.சி. துறையில் ஆர்வம் என்றால் இஷ்ரே, சிவில் என்றால் இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட். எதில் சேர்ந்தாலும் சந்தா கட்டுவதற்கு முன், போன வருஷம் அந்தக் கிளை என்ன செய்தது என்று கேட்டால் போதும். பதவியேற்பு விழா போட்டோ மட்டும் காட்டினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சரி, நீங்கள் அடித்த வரி. ஒரு சனிக்கிழமை கல்லூரிக்கே போய் வாருங்கள். ஷெட்டைப் பாருங்கள்: வெல்டிங் செய்கிறவர் முகக்கவசம் போட்டிருக்கிறாரா, கிரைண்டர் பக்கம் கண்ணாடி இருக்கிறதா, மகள் செருப்போடு நிற்கிறாளா ஷூ போட்டிருக்கிறாளா. பொறுப்பு ஆசிரியரைப் பாருங்கள். விடுதி மூடும் நேரத்துக்குப் பிறகு வேலை இருக்கும் நாட்களுக்கு அவர் கையெழுத்தில் வார்டனுக்குக் கடிதம் போகிறதா, போட்டிக்குப் போகும்போது கூட வரும் ஆசிரியை யார், எங்கே தங்குகிறார்கள் என்று நேராகவே கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் டீமில் இதற்கெல்லாம் பதில் உடனே வரும், மழுப்பினால் யோசிக்கலாம்.

பணத்தை இரண்டு தவணையாகக் கொடுங்கள். முதலில் 6,000. மீதியைக் குழாய் வாங்கிய பில்லையும் அந்தச் சோதனைச் சான்றிதழையும் மகள் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு போடுங்கள். அனுப்பும்போது கார்பன் எத்தனை சதவீதம் என்று கேட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு இது எப்படித் தெரியும் என்று அவள் திகைக்கட்டும்.