வங்கி மீதி யாருடைய பணம்?

“எங்கள் சங்கத்தின் கணக்கில் 20 இலட்சம் ரூபாய் இருக்கிறது; நிதி நிலை நன்றாக உள்ளது என்று கொள்ளலாமா?” என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தொகை யாருடைய பணம் என்று தெரியாமல் இதற்கு விடை கூற முடியாது.

இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பகுதியின் முன்பள்ளிகளுக்கு உதவும் சிறிய அமைப்பொன்றில் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் மட்டக்களப்புக்கு உதவிப் பணம் பெருமளவில் வந்தது. எங்கள் கணக்கும் நிறைந்திருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி, இன்ன வேலைக்கு இன்ன திகதிக்குள் செலவிடப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பணம். கொடையாளர்கள் ஒவ்வொருவராக விடைபெற்ற பின்னர் வாகனமும் மின்பிறப்பாக்கியும் எஞ்சின. அவற்றுக்கு எரிபொருள் வாங்கக் காசு எஞ்சவில்லை.

ஆகவே, கணக்காய்வறிக்கையில், இப்படிக் குறித்த வேலைக்கென்றே வந்த திட்ட நிதியை ஒதுக்கிவிட்டு, சங்கம் தானே முடிவெடுத்துச் செலவிடக்கூடிய பொது நிதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஊழியர்களுக்குச் சேர வேண்டிய பணிக்கொடையையும், செலுத்தாமல் விட்ட ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியப் பங்குகளையும் (தொழில்தருநர் கட்ட வேண்டியவை முறையே 12 வீதம், 3 வீதம்) கழித்து, மிஞ்சுவதைச் சம்பளம், வாடகை, மின்கட்டணம் ஆகியவற்றின் மாதச் செலவால் வகுத்தால், புதிதாக ஒரு சதமும் வராவிட்டாலும் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்பது தெரியும். நாங்கள் முதன்முறை இக்கணக்கைப் போட்டபோது மாதக் கணக்கே வரவில்லை. 11 நாட்கள் என்று வந்தது. அன்றைய நிர்வாக சபைக் கூட்டத்தில் தேநீர் ஆறிப்போனது.

இதை ஓர் ஆண்டுக்கு மட்டும் செய்தால் போதாது. குறைந்தது 5 ஆண்டுகளின் அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் 2022ஆம் ஆண்டைச் சற்று ஐயத்துடன் பாருங்கள். 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியதால், வெளிநாட்டு நாணயத்தில் கொடை பெற்றவர்களின் வருமானம் ஏட்டில் உயர்ந்தது. ரூபாயில் ஒப்பந்தம் செய்திருந்தவர்களோ, செப்டம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியபோது, அதே தொகையில் அதே வேலையை முடிக்க இயலாமல் திணறினார்கள்.

நாங்கள் பின்னர் ஒவ்வொரு முன்மொழிவிலும் நிர்வாகச் செலவைக் கூச்சப்படாமல் கேட்டோம். உறுப்பினர் சந்தாவையும் உள்ளூர் நன்கொடைகளையும், மூவர் கையொப்பமின்றி எடுக்க முடியாத நிலையான வைப்பில் இட்டோம். 11 நாட்கள் 4 மாதங்களாக மாற 6 ஆண்டுகள் சென்றன.